சிங்கப்பூருக்கு வேலைக்கு வர்றீங்களா? ஏஜென்ட் கைல காசக் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

ஊர்ல இருந்து மெசேஜ் பண்றவங்க பாதிப் பேரு கேக்கற முதல் கேள்வி "அண்ணே, அங்க எந்தக் கம்பெனில ஆள் எடுக்கறாங்க?" அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, உங்க படிப்புக்கும் வயசுக்கும் சம்பளத்துக்கும் எந்த பாஸ் (இங்க வேலை செய்ய அரசாங்கம் குடுக்கற அனுமதி) கிடைக்கும்ங்கறது. பாஸ் கிடைக்காதுன்னா கம்பெனி முதலாளியே உங்கள வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாலும் ஒண்ணும் நடக்காது. இந்த ஊர்ல நல்ல விஷயம் என்னன்னா இதுல எதுக்குமே ஏஜென்ட் வாய்ச்சொல்ல நம்பி இருக்க வேண்டியதில்ல, எல்லாத்தையும் எம்ஓஎம் வெப்சைட்ல நீங்களே காசில்லாம பாத்துக்கலாம். எம்ஓஎம்னா மனிதவள அமைச்சு. ஊர்ல உக்காந்துக்கிட்டே போன்ல பாக்கலாம், ஆனா நம்மாளுங்க பாக்க மாட்டாங்க, மூணு லட்சம் குடுத்துட்டு அப்புறம் தான் பாப்பாங்க.

பாஸ் மூணு வகைன்னு வச்சுக்கோங்க. இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்), எஸ் பாஸ், பெர்மிட் (வொர்க் பெர்மிட்). வேற சிலதும் இருக்கு, நமக்குத் தேவையில்ல.

இபி டிகிரி படிச்சவங்க, ஐடி, இன்ஜினியர், அக்கவுன்ட்ஸ் இந்த மாதிரி ஆளுங்களுக்கு. 2025 ஜனவரில இருந்து புதுசா அப்ளை பண்றவங்களுக்கு மாசச் சம்பளம் குறைஞ்சது 5,600 வெள்ளி இருக்கணும், ஃபைனான்ஸ் துறைன்னா 6,200. (இங்க டாலர வெள்ளின்னு தான் சொல்லுவோம், நீங்களும் பழகிக்கோங்க.) இது இருபத்திமூணு வயசுப் பசங்களுக்கான கணக்கு, வயசு ஏற ஏற இந்த வரம்பும் ஏறும், நாப்பத்தஞ்சு வயசு ஆளுக்கு 10,700 வரைக்கும் போகும். அதுனால "என் ஃப்ரெண்டுக்கு 5,600ல இபி கிடைச்சுது"ன்னு நாப்பது வயசுல வந்து நிக்காதீங்க.

சம்பளம் மட்டும் பத்தாது, 2023 செப்டம்பர்ல இருந்து காம்பஸ்னு ஒரு பாயின்ட் கணக்கு இருக்கு. 40 பாயின்ட் எடுக்கணும். இத யாரும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல, அதுனால கொஞ்சம் நிதானமாப் பாப்போம். நாலு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 0 அல்லது 10 அல்லது 20. முதல் ரெண்டு உங்களப் பத்தினது, அதாவது அந்தத் துறைல உள்ளூர் ஆளுங்க சம்பளத்தோட ஒப்பிட்டா உங்க சம்பளம் எங்க நிக்குது, அப்புறம் உங்க படிப்பு. அடுத்த ரெண்டு கம்பெனியப் பத்தினது, அங்க ஆபீஸ் வேலை பாக்கறவங்கள்ல உங்க நாட்டுக்காரங்க எத்தன சதவீதம், உள்ளூர் ஆளுங்க எத்தன சதவீதம். இதுல தான் நம்மாளுங்க கோட்ட விடறாங்க. ஒரு கம்பெனில ஏற்கனவே நாலுல ஒரு பங்கு இந்தியர்கள் இருந்தா அந்த மூணாவது தலைப்புல உங்களுக்கு முட்டை. ஆனா 25 பேருக்கும் கம்மியா ஆபீஸ் ஸ்டாஃப் இருக்கற சின்னக் கம்பெனின்னா அந்தக் கம்பெனி தலைப்பு ரெண்டுக்கும் தலா 10 தானா வந்துரும். சாதாரண டிகிரி, அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டின்னா படிப்புக்கு 10. ஆக 30 ஆச்சு, சம்பளத்துல ஒரு 10 எடுத்துட்டா 40, முடிஞ்சுது. அதே ஆளு நம்மாளுங்களே நெறஞ்ச பெரிய ஐடி கம்பெனிக்கு அப்ளை பண்ணா இடிக்கும். தெரிஞ்ச முகம் நெறைய இருக்கு, ஈசியா உள்ள போயிரலாம்னு நெனைக்கறது ஊர்ல சரி, இங்க அது உங்களுக்கே எதிரா வேலை செய்யுது. எம்ஓஎம் சைட்ல செல்ஃப் அசெஸ்மென்ட் டூல்னு ஒண்ணு இருக்கு, அதுல உங்க விவரத்தப் போட்டுப் பாத்துருங்க, ஏறக்குறைய பதில் தெரிஞ்சுரும்.

படிப்புக்குப் பாயின்ட் வேணும்னா சர்டிஃபிகேட்ட வெரிஃபை பண்ணி ரிப்போர்ட் வைக்கணும், அதுக்குன்னு நிறுவனங்க இருக்கு. நம்ம யுனிவர்சிட்டிங்க பதில் அனுப்பற வேகம் உங்களுக்கே தெரியும். ஆஃபர் வந்தப்புறம் ஆரம்பிக்கலாம்னு இருக்காதீங்க, கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டிகிரி, ரெண்டும் கைல ஸ்கேன் பண்ணித் தயாரா வைங்க. டிகிரி வாங்காம ப்ரொவிஷனல் மட்டும் வச்சுக்கிட்டு பத்து வருஷம் ஓட்டற ஆளுங்க நெறைய பேர் இருக்கீங்க, முதல்ல போய் அத வாங்குங்க.

எஸ் பாஸ் டிப்ளமோ, டெக்னீஷியன், சூப்பர்வைசர் மாதிரி வேலைக்கு. 2025 செப்டம்பர்ல இருந்து குறைஞ்சது 3,300 வெள்ளி, இதுவும் வயசோட ஏறும். இதுக்கு காம்பஸ் கிடையாது, ஆனா கோட்டா உண்டு. சர்வீஸ் துறைன்னா கம்பெனியோட மொத்த ஆள்ல 10 சதவீதம் பேருக்குத் தான் எஸ் பாஸ் எடுக்க முடியும். இன்டர்வியூ எல்லாம் நல்லாப் போயி கடைசில எச்ஆர் "நோ கோட்டா"ன்னு சொன்னா உங்க மேல எந்தக் குறையும் இல்ல, இடம் காலி இல்ல அவ்வளவு தான், அதுனால முதல் கால்லயே "எஸ் பாஸ் கோட்டா இருக்கா"ன்னு கேட்டுருங்க, கேக்கறதுல தப்பே இல்ல. எஸ் பாஸுக்கும் பெர்மிட்டுக்கும் கம்பெனி மாசாமாசம் லெவின்னு ஒரு தொகை அரசாங்கத்துக்குக் கட்டும். அது முழுக்க அவங்க செலவு, உங்க சம்பளத்துல கை வைக்கக் கூடாது.

பெர்மிட்னா கட்டுமானம், ஷிப்யார்டு, ப்ராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) இந்த வேலைங்க தான் முக்கியமா. நம்ம பக்கம் "டெஸ்ட் அடிச்சுட்டுப் போறது"ன்னு (அதாவது திறன் தேர்வு பாஸ் பண்ணிட்டு) சொல்றது கட்டுமானத்துக்கு. சர்வீஸ் துறைல இந்தியா பாஸ்போர்ட்டுக்கு எம்ஓஎம் போட்டிருக்கற லிஸ்ட்ல உள்ள சில வேலைக்கு மட்டும் தான் பெர்மிட், சமையல்காரர் மாதிரி, அதுக்கும் குறைஞ்சது 2,000 வெள்ளி சம்பளம் இருக்கணும். "கடைல சேல்ஸ்மேன் பெர்மிட், சூப்பர் மார்க்கெட்ல கேஷியர் பெர்மிட்"னு ஒருத்தர் பேச ஆரம்பிச்சா போன வச்சிருங்க.

வேலைய எங்க தேடறது

மைகேரியர்ஸ்ஃபியூச்சர்னு அரசாங்க வேலைவாய்ப்புத் தளம் இருக்கு. இபி, எஸ் பாஸ் எடுக்கணும்னா பெரும்பாலான கம்பெனிங்க அந்த வேலைய இந்தத் தளத்துல 14 நாள் விளம்பரம் போட்டே ஆகணும், பத்துப் பேருக்குக் கம்மியான கம்பெனிக்கு விலக்கு உண்டு, அப்புறம் ரொம்பப் பெரிய சம்பளத்துக்கும். இது உள்ளூர் ஆளுங்களுக்கான தளம், ஆனா யார் வேணா தேடிப் பாக்கலாம். நீங்க இதுல பாக்க வேண்டியது சம்பளம். ஒவ்வொரு விளம்பரத்துலயும் இத்தனைல இருந்து இத்தன வரைக்கும்னு சம்பளம் போட்டிருக்கும், உங்க வேலைக்கு இங்க என்ன ரேட்டு ஓடுதுன்னு அரை மணி நேரத்துல புரிஞ்சுரும். அது தெரியாம எச்ஆர் "எக்ஸ்பெக்டேஷன் எவ்ளோ"ன்னு கேட்டதும் ரூபாய்ல மனசுக்குள்ள பெருக்கிப் பாத்து கம்மியா ஒரு நம்பர் சொல்லி இபி வரம்புக்குக் கீழ போயி ரிஜெக்ட் ஆனவங்க உண்டு.

அப்ளை பண்றதுக்கு லிங்க்ட்இன், ஜாப்ஸ்ட்ரீட், கம்பெனியோட சொந்த தளம், இது மூணும் போதும். ரெஸ்யூம் ரெண்டு பக்கம். அப்பா பேரு, ஜாதி, மதம், பிறந்த தேதி, "மேற்கண்ட தகவல்கள் உண்மை"ன்னு கையெழுத்து, இதெல்லாம் வேண்டாம். மேலயே தெளிவா ஒரு வரி போடுங்க, இப்ப இந்தியால இருக்கேன், இபி தேவை, நோட்டீஸ் இத்தன நாள். மறைச்சு வச்சு மூணாவது ரவுண்டுல சொன்னா ரெண்டு பேர் நேரமும் வீண். இங்க வேலை செய்யற பழைய கலீக் யாராச்சும் இருந்தா அவங்க மூலமா ரெஃபரல் போங்க, நூறு அப்ளிகேஷன விட அது ஒண்ணு மேல்.

விசிட்ல வந்து தேடலாமான்னு கேப்பாங்க. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு விசிட்டுக்கே விசா வேணும். வந்து இன்டர்வியூ போகலாம், ஆனா ஒரு நாள் கூட வேலை செய்யக் கூடாது, "ட்ரையல் பாரு தம்பி, காசு கூட வேண்டாம்"னு கடைக்காரர் கூப்பிட்டாலும் கூடாது. பிடிபட்டா அபராதம், ஜெயில், அப்புறம் இந்த ஊருக்கே வர முடியாது. என்னைக் கேட்டா, ஊர்ல இருந்தே வீடியோ கால் இன்டர்வியூ ரெண்டு மூணு ரவுண்டு போயி கடைசி ரவுண்டுக்குன்னா வாங்க. சும்மா வந்து லிட்டில் இந்தியால ரூம் எடுத்து நாளக் கடத்தறது தண்டச் செலவு.

ஐபிஏ வந்துருச்சா, அத எப்படிப் படிக்கறது

பாஸ் அப்ரூவ் ஆனா எம்ஓஎம்ல இருந்து ஐபிஏ லெட்டர் வரும், அதாவது பாஸுக்கான முதல்கட்ட ஒப்புதல். பெர்மிட், எஸ் பாஸ் ஆளுங்களோட ஐபிஏல பேசிக் சம்பளம் தனியா, அலவன்ஸ் தனியா, பிடித்தம் என்னென்னன்னு தனியா வரி வரியா இருக்கும். பெர்மிட் ஆளுக்கு அவங்கவங்க தாய்மொழில ஒரு காப்பி, நமக்குன்னா தமிழ்ல, ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே கம்பெனி அனுப்பணும்னு விதி. ஏஜென்ட் "அதெல்லாம் ஏர்போர்ட்ல குடுப்பாங்க"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. லெட்டர் கைக்கு வந்ததும் மூணு இடம் பாருங்க. கம்பெனி பேரு நீங்க பேசின கம்பெனி தானா. வேலை பேரு சரியா. பேசிக் எவ்ளோ, ஏன்னா ஓவர்டைம் கணக்கு பேசிக்க வச்சுத் தான், அலவன்ஸ ஏத்திக் காட்டி பேசிக்க எலும்பாக் குடுக்கறது பழைய தந்திரம். அப்புறம் அந்த லெட்டர் நெசமான்னு எம்ஓஎம் சைட்ல ஸ்டேட்டஸ் செக் பண்ற பக்கம் இருக்கு, பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி போட்டுப் பாத்துருங்க. ஃபோட்டோஷாப் ஐபிஏ நெறைய சுத்துது.

காசு விஷயம். சிங்கப்பூர்ல லைசென்ஸ் வாங்கின ஏஜென்சி உங்க கிட்ட வாங்கக் கூடிய அதிகபட்சக் கட்டணம் ஒரு வருஷ கான்ட்ராக்டுக்கு ஒரு மாசச் சம்பளம், எத்தன வருஷம் ஆனாலும் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல கூடாது. அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கான்னும் எம்ஓஎம் சைட்லயே தேடலாம். இந்தியால பதிவு பண்ணின ஏஜென்ட்னா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தான் வாங்கலாம், பதிவு இருக்கான்னு இந்திய அரசாங்கத்தோட இமைக்ரேட் தளத்துல பாக்கலாம். நடைமுறைல லட்சக்கணக்குல கேக்கறாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குடுக்கறதுன்னு முடிவே பண்ணிட்டாலும் கைல ரொக்கமா குடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்புங்க, பேசினத வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கோங்க. கம்பெனி முதலாளியே "வேலை குடுத்ததுக்கு மாசம் இவ்ளோ திருப்பிக் குடு"ன்னு கேட்டா அது கிக்பேக், இங்க கிரிமினல் குற்றம். "எம்ஓஎம்க்கு 3,500 காட்டுவோம், கைல 1,800 தான்"னு பேசறதும் அதே கேஸ் தான்.

கிளம்பறப்ப

எஸ்ஜி அரைவல் கார்டு, தரை இறங்கறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், காசு கிடையாது. கூகுள்ல தேடி காசு கேக்கற தளத்துல மாட்டிக்காதீங்க, குடிநுழைவு ஆணையமான ஐசிஏ தளத்துல போடுங்க. பெட்டில என்ன வைக்கறீங்கங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா பெட்டி கட்டறது பெரும்பாலும் அம்மா. குருமாவுக்குன்னு கசகசா ஒரு பொட்டலம் போட்டு விடுவாங்க, இங்க கசகசா தடை செஞ்ச பொருள், போதைப்பொருள் தடுப்புப் பிரிவு பாக்கற விஷயம். அப்புறம் ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாய்ல வைக்கற புகையிலை எதுவும் கூடாது, வேப் கூடாது, சூயிங்கம் கூடாது, கறி ஊறுகாய், உப்புக்கண்டம் கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் இருக்கற இருமல் மருந்து இதெல்லாம் டாக்டர் சீட்டு இருந்தாலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், மருந்து விஷயத்தப் பாக்கற எச்எஸ்ஏ தளத்துல பாத்துக்கோங்க. பருப்புப்பொடி, ஊறுகாய், இட்லிப்பொடி தாராளமா. ஆனா அதுவும் இங்க முஸ்தபா கடைல கிடைக்கும்.

முதல் வாரம் சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல, ஓட்டம் தான். மெடிக்கல், கைரேகை (பெண்டமீர் ரோட்ல இருக்கற எம்ஓஎம் சர்வீசஸ் சென்டர், எல்லாருக்கும் தேவைப்படாது, லெட்டர்ல போட்டிருக்கும்), சிம் கார்டு, பேங்க் அக்கவுன்ட், ஃபின் நம்பர் (வெளிநாட்டவங்களுக்குக் குடுக்கற அடையாள எண்) வந்ததும் சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் சேவைக்குள்ள நுழையற லாகின்). சிங்பாஸ் இல்லாம இங்க ஒரு வேலையும் நகராது, முதல்ல அத எடுங்க. பேங்க் வந்ததும் பேநவ் போட்டுக்கோங்க, நம்ம யுபிஐ மாதிரி தான், 2023 பிப்ரவரில இருந்து இங்க இருந்து யுபிஐக்கே நேரா அனுப்பலாம், சில பேங்க்ல. பஸ், எம்ஆர்டி ரயிலுக்கு பேங்க் கார்டையே தட்டிட்டுப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, "உங்க அக்கவுன்ட்ல காசு போடறேன், எடுத்துக் குடுங்க, கமிஷன் தர்றேன்"னோ "சிம் கார்டு உங்க பேர்ல எடுத்துக் குடுங்க"ன்னோ யார் கேட்டாலும், சொந்த ஊர்க்காரனா இருந்தாலும், முடியாதுன்னுருங்க. மோசடிக் கும்பல் புதுசா வந்த ஆளுங்களத் தான் குறி வைக்குது, போலீஸ் வர்றப்ப அவன் இருக்க மாட்டான், உங்க பேரு தான் இருக்கும். அப்புறம் பாஸ்போர்ட் உங்க கிட்டயே இருக்கணும், கம்பெனி பிடிச்சு வைக்கக் கூடாது.

ரூம் பாக்கறது

பெர்மிட் ஆளுங்களுக்குப் பெரும்பாலும் டார்மிட்டரி, கம்பெனியே பாத்துக்கும். இபி, எஸ் பாஸ் ஆளுங்க தான் ரூம் தேடணும். எச்டிபி (அரசாங்க வீட்டு வாரியம்) வீட்டுல ஒரு காமன் ரூம் ஏரியாவப் பொறுத்து ஆயிரம் வெள்ளிக்கு முன்னப் பின்ன, ஒருத்தருக்கு. மாஸ்டர் ரூம்னா பாத்ரூம் உள்ளயே, அதுக்கு மேல. நம்மாளுங்க எல்லாருக்கும் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், பூன் கெங் பக்கம் தான் வேணும், அதுனால அங்க வாடகையும் அதிகம் நெருக்கடியும் அதிகம். ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங், பொங்கோல், ஜூரோங் வெஸ்ட், எங்க போனாலும் கீழ ஒரு கோப்பிக்கடைல பரோட்டா போடற ஒரு ஸ்டால் இருக்கும், பயப்படாதீங்க. வேலைக்குப் போற எம்ஆர்டி லைன் எதுன்னு பாத்து அதே லைன்ல எடுங்க.

ப்ராப்பர்ட்டிகுரு, கரோசெல், ஃபேஸ்புக் குரூப், இதுல எல்லாம் விளம்பரம் வரும். நேர்ல போய்ப் பாக்காம டெபாசிட் அனுப்பவே அனுப்பாதீங்க, "ஓனர் வெளிநாட்டுல இருக்காரு, டெபாசிட் போட்டா சாவி கூரியர்ல வரும்"ங்கறதெல்லாம் சுத்தமான ஏமாத்து. ஏஜென்ட் மூலமா போனா அவரோட பதிவு நம்பர, வீட்டு ஏஜென்ட்கள முறைப்படுத்தற சிஇஏ தளத்துல போட்டுப் பாருங்க, அங்க இருக்கற போட்டோவும் வந்த ஆளும் ஒண்ணான்னும் பாருங்க. எச்டிபி வாடகைல ஏஜென்ட் வாடகைக் காசையோ டெபாசிட்டையோ கைல வாங்கவே கூடாது, நேரா ஓனருக்குத் தான் போகணும். எச்டிபி ரூமுக்குக் குறைஞ்சது ஆறு மாசக் குத்தகை. ஓனர் உங்க பேர எச்டிபில பதிவு பண்ணணும், பண்ணிட்டாரான்னு உங்க சிங்பாஸ் வச்சு நீங்களே பாக்கலாம். "பதிவெல்லாம் வேண்டாம் தம்பி, சொந்தக்காரன்னு சொல்லிக்கலாம்"னு சொல்ற வீடு வேண்டாம். அக்ரிமென்ட்டுக்கு ஸ்டாம்ப் டூட்டி உண்டு, மொத்த வாடகைல 0.4 சதவீதம், கையெழுத்து போட்ட 14 நாளுக்குள்ள வருமான வரி ஆணையத்துக்குக் கட்டணும், பெரும்பாலும் வாடகைக்கு வர்றவர் தலைல தான். வருஷத்துக்கு 12,000 வெள்ளி வாடகைன்னா 48 வெள்ளி. அத மிச்சம் பிடிக்கப் போயி நாளைக்கு டெபாசிட் தகராறு வந்தா கேக்க ஆதாரம் இல்லாமப் போயிரும்.

ரூம் பாக்கப் போறப்ப நெறைய பேரு ரூமத் தான் பாப்பாங்க. சமையல்கட்டப் பாருங்க. அடுப்பு பளபளன்னு இருந்தா அந்த வீட்டுல யாரும் சமைக்கறதில்ல, உங்களையும் விட மாட்டாங்க. "லைட் குக்கிங் ஓகே"ன்னு சொன்னா அதுக்கு அர்த்தம் மேகி, முட்டை, சோறு. கடுகு தாளிச்சா, கருவாடு வறுத்தா மறுநாள் வாட்ஸ்அப்ல நீளமா ஒரு மெசேஜ் வரும். அதுனால முதல்லயே வெளிப்படையா "தினமும் குழம்பு வைப்பேன், வாரம் ஒரு தடவ மீன்"னு சொல்லிக் கேளுங்க. ஏசி எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும், கரண்ட் தண்ணி பில்லு வாடகைல சேத்தியா, வாஷிங் மெஷின் வாரம் எத்தன தடவ, துணி எங்க காயப் போடறது, அப்பா அம்மா வந்தா ரெண்டு நாள் தங்கலாமா, ஓனர் அதே வீட்டுல இருக்காரா. இதெல்லாம் கேக்கக் கூச்சப்படாதீங்க, இங்க எல்லாரும் கேப்பாங்க. உள்ள போற அன்னைக்கு செவுரு, மெத்தை, ஏசி எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பி வச்சிருங்க, கிளம்பறப்ப டெபாசிட் பேச்சு சுருக்கமா முடியும்.

சாப்பாடு, செலவு பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, நான் சுருக்கமா. மளிகை ஷெங் சியோங், ஃபேர்பிரைஸ். ஆட்டுக்கறி, மீன், வாழையிலை, முருங்கைக்காய்க்கு தேக்கா மார்க்கெட், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போகாதீங்க, கூட்டம் நசுக்கிரும். சாப்பிட்ட தட்ட நீங்க தான் எடுத்து வைக்கணும், ஹாக்கர் சென்டர்ல விட்டுட்டு எந்திரிச்சா அபராதம் வரைக்கும் போகும். ராத்திரி பத்தரைக்கு மேல காலைல ஏழு வரைக்கும் பொது இடத்துல தண்ணி அடிக்கக் கூடாது, லிட்டில் இந்தியால சனி ஞாயிறு பகல்லயும் கூடாது.

அக்கம்பக்கம் பழகறதப் பத்தி ஒண்ணு சொல்லணும். இங்க நாலஞ்சு தலைமுறையா இருக்கற தமிழர்கள் இருக்காங்க, தமிழ் இந்த நாட்டோட நாலு ஆட்சிமொழில ஒண்ணு, தமிழ் முரசு 1935ல இருந்து வருது, ஒலி 96.8 ரேடியோ காலைல போட்டா தமிழ் தான். "பசியாறியாச்சா"ன்னு கேக்கற மனுஷங்க. அவங்க கிட்ட போயி "நீங்க எந்த ஊரு, பூர்வீகம் எது, என்ன ஆளுங்க"ன்னு ஆரம்பிச்சா முகம் மாறிரும், குறிப்பா அந்தக் கடைசிக் கேள்வி. அதே மாதிரி எம்ஆர்டில ஸ்பீக்கர்ல போன் பேசறது, இந்த ஒரு பழக்கத்துக்காகவே நம்ம மேல உள்ளூர்த் தமிழர்களுக்கே ஒரு எரிச்சல் இருக்கு, சும்மா சொல்லல. ஹெட்போன் பத்து வெள்ளி. மத்தபடி ஊர் ஏக்கம் வந்தா கோயில்ல தொண்டூழியம் பண்ணுங்க, விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல தமிழ்ப் புத்தகம் அலமாரி அலமாரியா இருக்கு, ஏப்ரல் வந்தா தமிழ் மொழி விழான்னு மாசம் முழுக்க நிகழ்ச்சி, பெரும்பாலும் சும்மாவே போகலாம். ரூம்ல படுத்துக்கிட்டு ரீல்ஸ் பாக்கறதுக்கு அது மேல்.

குடும்பத்தக் கூட்டிட்டு வர்றதா இருந்தா கணக்கு வேற. மனைவி, பிள்ளைங்களுக்கு டிபெண்டன்ட் பாஸ் எடுக்க உங்க சம்பளம் 6,000 வெள்ளி இருக்கணும், அப்பா அம்மாவ நீண்ட நாள் வச்சுக்கணும்னா 12,000. மனைவி ஊர்ல நல்ல வேலைல இருந்தா ராஜினாமா பண்றதுக்கு முன்னாடி உக்காந்து பேசுங்க, ஏன்னா 2021 மே மாசத்துல இருந்து டிபெண்டன்ட் பாஸ் வச்சு வேலை பாக்க முடியாது, அவங்களும் தனியா ஒரு வேலை பாஸ் எடுத்தாகணும். இது தெரியாம வந்துட்டு வீட்டுக்குள்ளயே இருந்து மனசு ஒடிஞ்சு போனவங்கள நெறைய பாக்கறேன். அரசாங்கப் பள்ளில இடம் உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு அப்புறம் தான், வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ஃபீஸும் பல மடங்கு, ஸ்கூல் கிடைச்சாத் தான் கூட்டிட்டு வர்றதுன்னு வச்சுக்கோங்க.

வேலைல சேந்தப்புறம்

சேந்து 14 நாளுக்குள்ள வேலை நிபந்தனைகள எழுத்துல குடுக்கணும், மாசாமாசம் பே ஸ்லிப் குடுக்கணும், சம்பள மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள சம்பளம் வந்தாகணும், ஓவர்டைம் காசுன்னா 14 நாள். உடல் உழைப்பு வேலைல பேசிக் 4,500 வெள்ளி வரைக்கும், மத்த வேலைல 2,600 வரைக்கும் ஓவர்டைமுக்கு ஒண்ணரை மடங்கு சட்டப்படி உண்டு. சம்பளம் வரலேன்னா "அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்"னு சொல்றத மூணு மாசம் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, டாடம்னு சம்பளத் தகராறப் பாக்கற ஒரு அமைப்பு இருக்கு, அங்க புகார் குடுக்கலாம். வேலைல இருக்கறப்பன்னா கடைசி ஒரு வருஷத்துச் சம்பளம் வரைக்கும் தான் கேக்க முடியும், வேலைய விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள போகணும். பெர்மிட் ஆளுங்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கு, ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம். டிடபிள்யூசி2ன்னு ஒரு தொண்டு அமைப்பு வேலை இழந்து கேஸ் நடக்கற ஆளுங்களுக்கு லிட்டில் இந்தியால இலவசச் சாப்பாடே போடறாங்க. டைம் ஷீட்ட தினமும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, புகார்னு வந்தா அது தான் பேசும்.

வேற கம்பெனிக்கு மாறணும்னா புதுக் கம்பெனி புது பாஸ் அப்ளை பண்ணி ஐபிஏ வரணும், அதுக்கு அப்புறம் தான் பழைய இடத்துல ராஜினாமா லெட்டர். "இபி தானே, ஈசியா வந்துரும்"னு முன்னாடியே லெட்டர் குடுக்காதீங்க. இபி, எஸ் பாஸ் கேன்சல் ஆனா பொதுவா 30 நாள் தங்க விடுவாங்க, அதுக்குள்ள வேற வேலை பிடிக்கறது லேசுப்பட்ட காரியமில்ல.

வரியப் பத்தி முதல் வருஷம் யாரும் நெனைக்க மாட்டாங்க, ஏன்னா நம்ம ஊரு மாதிரி இங்க மாசாமாசம் டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க, முழுச் சம்பளமும் கைக்கு வரும், வெளிநாட்டவங்களுக்கு சிபிஎஃப்பும் (நம்ம பிஎஃப் மாதிரி) கிடையாது. அடுத்த வருஷம் ஏப்ரல் 18க்குள்ள ஆன்லைன்ல கணக்கு குடுக்கணும், அப்புறம் பில்லு மொத்தமா வரும். 183 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா ரெசிடென்ட் வரி, மாசம் 6,000 வெள்ளி, வருஷம் 72,000ன்னா சுமாரா 2,700 வெள்ளி வரி வரும். அதுக்குன்னு மாசம் ஒரு 230 வெள்ளி தனியா எடுத்து வச்சிருங்க, இல்லேன்னா கைரோ (பேங்க்ல இருந்து மாசாமாசம் தானாப் பிடிக்கற ஏற்பாடு) போட்டு 12 தவணையாக் கட்டலாம், வட்டி கிடையாது. வேலைய விட்டு நாட்ட விட்டுக் கிளம்பறப்பவும் சரி, கம்பெனி மாறறப்பவும் சரி, பழைய கம்பெனி கடைசிச் சம்பளத்த நிறுத்தி வச்சு வரி கிளியரன்ஸ் முடிஞ்சப்புறம் தான் விடும், அது சட்டம், கம்பெனி மேல கோவப்படாதீங்க, அந்த ஒரு மாசத்துக்குக் கைல காசு வச்சுக்கோங்க.